காணாமற்போன புள்ளி

இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஓய்வு பெற்ற சில மாதத்திலேயே லேத் பட்டறையில் உட்கார்ந்து பிழை திருத்தப் போகிறேன் என்று எந்த ஜோசியராவது சொல்லியிருந்தால், தட்சிணை கொடுக்காமலே அவரை அனுப்பியிருப்பேன். ஆனால் நடந்தது என்னவோ அதுதான்.

எங்கள் ஊர் கோயமுத்தூர். பம்பு செட்டும், மோட்டாரும், மாவாட்டும் கிரைண்டரும் செய்கிற ஊர். அவற்றுக்கு வேண்டிய பாகங்களைக் கடைந்து கொடுக்கிற சின்னப் பட்டறைகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. என் வீட்டுக்காரருடையதும் அப்படி ஒன்று. வீட்டுக்குப் பின்னாலேயே தகரக் கொட்டகை. ஆரம்பத்தில் ஒரே ஒரு பழைய லேத் இருந்தது. பிறகு பாங்கியில் கடன் வாங்கி ஒரு சி.என்.ஸி. மில்லிங் யந்திரம் வந்து சேர்ந்தது. அதற்குச் செய்த உபசாரத்தை நாங்கள் தலைத் தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைக்குக்கூடச் செய்ததில்லை.

சி.என்.ஸி. என்றால் என்ன என்று கேட்கிற சகோதரிகளுக்காக ஒரு வார்த்தை. இந்த யந்திரத்தைக் கையால் திருகி ஓட்ட வேண்டியதில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதை வரி வரியாக எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். ஜி00 என்று எழுதினால் வேகமாக ஓடும். ஜி01 என்றால் வெட்டிக்கொண்டே நிதானமாகப் போகும். எம்03 என்றால் கட்டர் சுழலும். எம்05 என்றால் நிற்கும். எக்ஸ் என்பதும் ஒய் என்பதும் குறுக்கும் நெடுக்கும் போகிற தூரம். இசட் என்பது மேலும் கீழும். எஃப் என்பது வெட்டுகிற வேகம். இவ்வளவுதான் அதன் பாஷை. சொன்னதை அப்படியே செய்யும், சொல்லாததைச் செய்யாது. இப்படி ஒரு மருமகள் கிடைக்க மாட்டாளா என்று ஏங்குகிற மாமியார்கள் உண்டு. கிடைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இனிமேல் சொல்லப் போகிறேன்.

சென்ற ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. இரவு ஒன்பது மணி இருக்கும். தோசைக் கல்லில் மாவை ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்கட்டிலிருந்து 'டமார்' என்று ஒரு சத்தம். கரண்டியைப் போட்டது போட்டபடி ஓடினேன்.

யந்திரத்தின் முன்னால் பையன் சிலையாய் நின்றுகொண்டிருந்தான். இரவு ஷிப்டு பார்க்கிற ஆப்பரேட்டர் அவன், இருபத்திரண்டு வயசு, ஐ.டி.ஐ. படித்தவன். முகத்தில் ரத்தமே இல்லை. உள்ளே கட்டர் மூன்று துண்டாகக் கிடந்தது. வேலைக்கு வந்திருந்த பம்பு ஹவுசிங் வார்ப்பின் ஓரம் பிய்ந்திருந்தது. அதை இறுக்கிப் பிடித்திருந்த கிளாம்பின் போல்ட் வளைந்துபோயிருந்தது. கதவுக் கண்ணாடியின் உட்புறத்தில், சரியாக அவன் முகம் இருந்த உயரத்தில், நட்சத்திரம் மாதிரி ஒரு வடு. கட்டர் துண்டு தெறித்து விழுந்த இடம் அது. அந்தக் கதவு மட்டும் திறந்திருந்தால்? அதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை.

சரக்கு கொடுக்கப் போயிருந்த இவர் பத்து நிமிஷத்தில் வந்து சேர்ந்தார்.

"என்னடா பண்ணித் தொலைச்சே?"

"நான் ஒண்ணுமே பண்ணலீங்க. சைக்கிள் ஸ்டார்ட் மட்டுந்தானுங்க அமுத்துனேன்."

"அப்ப மெஷினே தானாப் போயி முட்டிக்கிச்சா? நீ எதையோ தொட்டிருக்கே. கட்டர் காசைச் சம்பளத்துல புடிச்சுக்குவேன், ஆமா!"

பையன் பதில் பேசவில்லை. கை கழுவிக்கொண்டு வந்து பட்டறைச் சாவியை என் கையில் கொடுத்தான். "திங்கக்கெழமை வந்து கணக்கு முடிச்சுக்கறனுங்க, டீச்சரம்மா" என்றான்.

இருபத்தெட்டு வருஷத்தில் பொய் சொல்லுகிற பையன்கள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். பொய் சொல்லும்போது கண் சுவரைப் பார்க்கும், தரையைப் பார்க்கும். இவன் கண் என்னைத்தான் பார்த்தது. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற என் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். அவளிடம் சொல்லி, யந்திரத்துக்குள் இருந்த ப்ரோகிராமை அப்படியே காகிதத்தில் அச்செடுத்துத் தரச் சொன்னேன். பதினொரு பக்கம் வந்தது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டாம் பக்கத்திலேயே கண் கலங்கிவிட்டது. துக்கத்தினால் இல்லை, எழுத்தெல்லாம் எறும்புச் சாரி மாதிரி ஓடியதனால்!

மூன்று வரியைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், பாருங்கள்:

என்140ஜி00இசட்50
என்150எக்ஸ்220.ஒய்85.
என்160ஜி01இசட்-3.எஃப்200

இப்படி நானூற்றுச் சொச்சம் வரி. நடுவில் ஓர் இடைவெளி கிடையாது. இது எதற்கு என்று ஒரு குறிப்புக் கிடையாது.

எனக்கு உடனே ஓலைச் சுவடி ஞாபகம் வந்தது. பத்தாம் வகுப்புக்கு உ.வே. சாமிநாதையரைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் ஒரு வித்தை காட்டுவேன். கரும்பலகையில் நாலு வரியை இடைவெளி விடாமல், மெய்யெழுத்துக்கு மேல் புள்ளியும் வைக்காமல் எழுதிப் படிக்கச் சொல்லுவேன். வகுப்பே திணறும். "1887ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டாரே, அதற்கு முன்னால் அவர் கையில் இருந்த ஏடெல்லாம் இப்படித்தான் இருந்தன" என்பேன். ஏட்டில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதியவர்கள் புள்ளியை விட்டார்கள். வாசிக்கிறவர் பாடு திண்டாட்டம். எது 'க', எது 'க்' என்று இடம் பார்த்து அவரேதான் ஊகிக்க வேண்டும்.

"இதை எழுதினவனுக்கு இடைவெளி விடுவதற்கு என்ன பஞ்சம்?" என்று மகளிடம் கேட்டேன்.

"ஒரு காலத்துல நெஜமாவே பஞ்சந்தாம்மா" என்று அவள் கதையை ஆரம்பித்தாள்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் ஜான் பார்ஸன்ஸ் என்று ஒருவர் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்தார். அந்த வளைவுகளைத் துல்லியமாக வெட்ட, எண்களைக் கொண்டே யந்திரத்தை நடத்தலாம் என்று அவருக்குத் தோன்றியது. எம்.ஐ.டி. கலாசாலையார் அந்த வேலையில் சேர்ந்து, 1952ல் அப்படி ஒரு மில்லிங் யந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். பிற்பாடு இந்த வகை யந்திரங்களுக்குக் கட்டளை ஏறியது காகித நாடாவில். ஓர் அங்குல அகலம். அதில் வரிசை வரிசையாய்த் துளைகள். ஒரு வரிசைக்கு ஓர் எழுத்து. ஓர் அங்குல நீளத்துக்குப் பத்தே எழுத்து. இடைவெளி விட்டால் அதற்கும் ஒரு வரிசை வீண். நாடா போய்க் கம்ப்யூட்டர் வந்த பிறகும் ஆரம்பத்தில் யந்திரத்தின் ஞாபக சக்தி மிகவும் கொஞ்சம். ஆகவே ஒட்டி ஒட்டி எழுதுகிற வழக்கம் போகவில்லை. 1982ல் இந்தப் பாஷைக்குச் சர்வதேசத் தரவிதி ஏற்பட்டது. இன்று இடத்துக்குப் பஞ்சமே இல்லை. பழக்கம் மட்டும் அப்படியே நிற்கிறது.

"யந்திரத்துக்கு எடைவெளி இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். அது தாண்டிப் போயிரும்" என்றாள்.

யந்திரம் தாண்டிப் போய்விடும், சரி. முன்னால் நிற்கிற பையன்?

மறுபடியும் காகிதத்தை எடுத்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பதம் பிரித்துக்கொண்டே போனேன். 150ம் வரியில் எக்ஸும் ஒய்யும் இருந்தன; எப்படிப் போக வேண்டும் என்று சொல்கிற 'ஜி'யைக் காணோம். கேட்டதற்கு, முந்தின வரியில் சொன்ன ஜி00 வேறொன்று சொல்லுகிற வரையில் செல்லும் என்றாள். அட, நம்முடைய தோன்றா எழுவாய்தானே! 'வந்தான், சாப்பிட்டான், போனான்' என்றால் யார் என்பதை நாம் மனசிலே வைத்துக்கொள்வதில்லையா? ஆனால் எழுவாயைப் பத்து வரிக்கு முன்னால் சொல்லிவிட்டு மறைத்துவிட்டால், நல்ல மாணாக்கனும் தடுமாறத்தான் செய்வான்.

அடுத்தபடியாக, இவருடைய கம்ப்யூட்டரில் இருந்த மூலப் பிரதியையும் அச்செடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பு நோக்கினேன். ஒரே ஒரு வரியில்தான் வித்தியாசம். 140ம் வரி. மூலத்தில் 'இசட்25.' என்று இருந்தது. யந்திரத்தில் 'இசட்50' என்று இருந்தது. 25க்குப் பின்னால் ஒரு புள்ளி உண்டு. 50க்குப் பின்னால் இல்லை.

"புள்ளி இல்லாட்டி என்ன ஆகும்?" என்றேன்.

மகள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

நாடாக் காலத்து யந்திரங்களுக்கு தசமப் புள்ளியே தெரியாது. எண்களை மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் எழுதுவார்களாம். புள்ளி வைத்து எழுதுகிற வசதி பின்னால் வந்தது. ஆனாலும், புள்ளி இல்லாத எண்ணைப் பழைய கணக்கிலேயே எடுத்துக்கொள்ளுகிற யந்திரங்கள் இன்னும் அநேகம். எங்களுடையது அந்த ரகம். '50.' என்றால் ஐம்பது மில்லிமீட்டர், மூன்று விரற்கடைக்குக் கொஞ்சம் குறைவு. வெறும் '50' என்றால் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஒரு தலைமயிரின் பருமன்!

நடந்தது கண் முன்னால் தெரிந்தது. கட்டர் ஐம்பது மில்லிமீட்டர் உயர்ந்து, கிளாம்பின் தலைக்கு மேலாகத் தாண்டிப் போயிருக்க வேண்டும். அது ஒரு மயிரிழை மட்டும் உயர்ந்தது. அடுத்த வரி, வேகமாக ஓடு என்றது. சொன்ன சொல் தட்டாத மருமகள், ஓடிப்போய்க் கிளாம்பில் முட்டிக்கொண்டாள்.

ஆனால் 25.ஐ 50 ஆக்கியது யார்?

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவரிடம், இரண்டு காகிதத்தையும் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். "ஏனுங்க, இந்த வரியை யாரு மாத்துனது?" என்று கேட்டேன்.

பார்த்தார். ரசம் விட்ட சோறு கையிலேயே நின்றது. வெகுநேரம் பேசவில்லை.

"புதுக் கிளாம்பு உசரமா இருந்துச்சு" என்றார் கடைசியில். "இருபத்தஞ்சு பத்தாது, தட்டிப் போடும்னு, சாயங்காலம் நானேதான் மெஷின்ல ஐம்பதுன்னு மாத்திட்டுப் போனேன்."

யந்திரம் முட்டிக்கொள்ளக் கூடாதே என்றுதான் மாற்றியிருக்கிறார். எண்ணைச் சரியாகப் போட்டார்; அவசரத்தில் புள்ளியை விட்டுவிட்டார். நானூறு வரிக் காட்டுக்குள் அந்தப் புள்ளி இல்லாததை எந்தப் பையன்தான் கண்டுபிடிப்பான்?

என் வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை, அவருக்கும் பழக்கமில்லை. சாப்பிட்டுக் கை கழுவினவர், வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஒரு மணி நேரத்தில் பையனையும் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வந்தார். என்ன பேசினார்களோ, எனக்குத் தெரியாது. பட்டறையில் இருவரும் ஆளுக்கொரு டம்ளர் டீயோடு வளைந்த போல்ட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பையன் டம்ளரைக் கொடுக்க உள்ளே வந்தபோது, அவன் கேட்காமலே சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலமே நானும் மகளும் வேலையை ஆரம்பித்தோம். நோட்பேட் பிளஸ் பிளஸ் என்று ஓர் எடிட்டர், 2003ல் வெளிவந்தது, காசு கிடையாது. எந்தப் பாஷையாக இருந்தாலும், எந்தச் சொல்லுக்கு எந்த வர்ணம் என்று நாமே அதற்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம். "முதல்ல பதம் பிரிக்கணும்மா, ஒட்டிக்கிட்டு இருந்தா அதுக்குச் சொல் எதுன்னு தெரியாது" என்றாள். ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஓர் இடைவெளி வை என்று ஒரே கட்டளை கொடுத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினொரு பக்கமும் விரிந்து கொடுத்தது. ஆனால் பாருங்கள், பழைய ப்ரோகிராம் ஒன்றில் அடைப்புக்குறிக்குள் 'டூல்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்த குறிப்பும் நாலு எழுத்து நாலு திக்காய்ச் சிதறிவிட்டது! அடைப்புக்குறிக்குள் கை வைக்காதே என்று அப்புறம் அதற்குப் புத்தி சொன்னாள்.

இரண்டாவது, மறைந்திருந்த 'ஜி'யையெல்லாம் அந்தந்த வரியிலேயே எழுதினோம். திரும்பச் சொன்னால் யந்திரம் கோபித்துக்கொள்ளாது.

மூன்றாவது, குறிப்புரை. அடைப்புக்குறிக்குள் இருப்பதை யந்திரம் படிக்காமல் போய்விடும். சந்தோஷமாகத் தமிழில் எழுதத் தொடங்கினேன். "வேணாம்மா, அந்த மெஷினுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, ஏத்தும்போதே தகராறு பண்ணும்" என்றாள். இருபத்தெட்டு வருஷத் தமிழாசிரியை என்ன செய்தேன் தெரியுமா? இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதினேன்! தமிழ்த்தாய் என்னை மன்னிப்பாளாக. பையனுக்குப் புரிய வேண்டும், அதுதான் முக்கியம். இப்போது அந்த மூன்று வரி இப்படி இருக்கிறது:

(கிளாம்புக்கு மேலே தூக்கு)
ஜி00 இசட்50.
(அடுத்த பள்ளத்துக்கு ஓடு)
ஜி00 எக்ஸ்220. ஒய்85.
(மெதுவாக 3 மில்லி இறங்கு)
ஜி01 இசட்-3. எஃப்200

நாலாவது, வர்ணம். ஜி எல்லாம் நீலம், எம் எல்லாம் ஊதா, குறிப்புரை பச்சை. இசட்டுக்கு மட்டும் சிவப்பு. ஆபத்து அதிகமாக அங்கேதான் என்று இவரே சொன்னார். முதலில், "என்ன இது, கோலப் பொடி மாதிரி!" என்று கேலி செய்தவர்தான். கடைசியாக மகள் ஒரு தேடலை அமைத்தாள். எக்ஸ், ஒய், இசட், இவற்றுக்குப் பின்னால் புள்ளியில்லாத எண் எங்கே இருந்தாலும் அந்த இடம் பளிச்சென்று தெரியும்.

ஐந்தாவது விதி எடிட்டருக்கு இல்லை, இவருக்கு. யந்திரத்தில் ஓர் எண்ணை மாற்றினால், கம்ப்யூட்டர் பிரதியிலும் மாற்றி, தேதி போட்டு எழுதிவைக்க வேண்டும். மாற்றின ப்ரோகிராமை முதல் தடவை 'சிங்கிள் பிளாக்'கில், ஒரு வரி ஓடி நிற்க, அடுத்த வரி ஓடி நிற்க, அப்படித்தான் ஓட்ட வேண்டும். எவ்வளவு அவசர ஆர்டரானாலும் சரி.

இத்தனை செய்தும், எல்லாத் தவறும் தொலைந்தது என்று சொல்லமாட்டேன். ஐம்பது என்று இருக்க வேண்டிய இடத்தில் நாற்பது என்று எழுதினால், வர்ணம் அழகாகத்தான் தெரியும். பெரிய வேலைகளுக்குக் கம்ப்யூட்டரே ஆயிரக்கணக்கான வரிகளை எழுதித் தள்ளுகிறது. அதை முழுக்கப் படிக்க ஆயுள் போதாது. ஆனால் மனுஷர் கை வைக்கிற இடங்களையாவது மனுஷர் படிக்கும்படி வைக்கலாம் அல்லவா? பையனிடம் கேட்டேன். "முன்னெல்லாம் பட்டனை அமுத்திட்டுச் சாமியைக் கும்பிட்டுக்குவனுங்க. இப்ப என்ன ஓடப்போகுதுன்னு தெரிஞ்சு அமுத்தறனுங்க" என்றான்.

பழைய ப்ரோகிராம்களை ஒவ்வொன்றாகத் திருத்துகிற வேலை இப்போது என் பேரில் விழுந்திருக்கிறது. தினம் மத்தியானம் ஒரு மணி நேரம் உட்காருகிறேன். தை மாதத்தில் ஒரு நாள் பையன் கையில் ஓர் அச்சுக் காகிதத்தோடு வந்து, தயங்கித் தயங்கி வாசலில் நின்றான்.

"டீச்சரம்மா, தப்பா நெனைக்காதீங்க. நேத்து நீங்க டைப் பண்ணினதுங்க. தேடிப் பாக்கறப்ப ஒண்ணு ஆப்புட்டுச்சுங்க."

வாங்கிப் பார்த்தேன். எட்டாம் வரி. ஒய்120. பின்னால் புள்ளி இல்லை. தேடலை ஓட்டிப் பார்க்காமலே கொடுத்திருக்கிறேன், அவசரம்! அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டிருந்தான், நான் இத்தனை வருஷம் பிள்ளைகள் நோட்டில் போட்ட மாதிரியே.

மார்க்கு மட்டும் போடவில்லை. மரியாதை தெரிந்த பையன்.